தஞ்சைத் தப்பும் உரிமைக் குரலும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் ஓசைகளுக்குப் பஞ்சமில்லை. நாகூர் தர்காவின் நகரா, கோயில் வாசல்களில் நாகசுரமும் தவிலும், நடவு வயல்களில் பெண்களின் குலவை, நோன்பு மாதத்துப் பின்னிரவில் தெருத்தெருவாகச் சென்று சஹருக்கு எழுப்பும் பக்கீர் பாவாக்களின் தாயிரா என்று எத்தனையோ ஒலிகளோடு நாம் வளர்ந்திருக்கிறோம். இவற்றைப் பற்றி எழுதியவர்களும் பலர். ஆனால் இவற்றின் வரிசையில் வைத்து எண்ணப்படாத ஓர் ஓசையும் இம்மண்ணுக்கு உண்டு. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளிலிருந்து அது எழுந்து வரும். அதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள், "எந்த ஊரில் சாவு?" என்று கேட்பார்கள். பறை என்று இலக்கியங்கள் குறிக்கும் அக்கருவியைத் தஞ்சை வட்டாரத்தில் தப்பு என்கிறோம். அதை அடித்துக்கொண்டே ஆடும் ஆட்டம் தப்பாட்டம்.

கருவி எளியது. வேம்பு போன்ற மரத்தின் மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி ஒரு வட்டமாகப் பொருத்துவார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் தோலைப் போர்த்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பார்கள். இடத்தோளோடு அணைத்துப் பிடித்து, வலக்கையில் தடித்த அடிக்குச்சியும் இடக்கையில் மெல்லிய சுண்டுக்குச்சியும் கொண்டு முழக்குவார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சாத தப்பு பேசாது. மற்ற மேளங்களில் வாசிப்பவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். தப்பாட்டத்திலோ அடிப்பவரே ஆடுபவர். கையும் காலும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவை.

திருமணத்தை நாலு பேர் அறியச் செய்வதற்காக நம் மார்க்கம் அனுமதித்த தஃபு என்னும் கருவியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அதுவும் ஒரு வளையம், ஒரு பக்கத் தோல். பெயரின் ஒலியும் நெருங்கி நிற்கிறது. பாவாக்களின் தாயிராவுக்கும் இதே வடிவம். ஆயினும் தாயிரா வீட்டு வாசற்படி வரை வந்தது. தப்பு தெருக்கோடியில் நின்றது. கருவியில் தீட்டு இருந்ததில்லை. அதைப் பிடித்த கையில் தீட்டு இருப்பதாக ஊர் முடிவு கட்டிவிட்டது.

இந்த முடிவு எப்போது வந்தது? தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலம் ஐந்துக்கும் பறை உண்டு. எந்தப் பறைக்கும் அங்கே இழிவு இல்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆடலுக்கும் பாடலுக்கும் இசைக்கருவிகளுக்கும் நெல்லை அளந்து கொடுத்த செய்தியைப் பெருமையோடு சொல்கின்றன. அதே கோயிலின் கல்வெட்டுகளில், ஊர்களின் வரி நீங்கிய நிலங்களைக் குறிக்குமிடத்தில், பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் இரு சொற்கள் இடம்பெறுகின்றன. கோயிலுக்குள்ளே ஆடலுக்கு நெல். ஊருக்கு வெளியே சேரி. ஒரே மன்னரின் கல்லில் இரண்டும் இருக்கின்றன. வரலாற்றைப் புகழுக்காக மட்டும் படிப்பவர்கள் முதலாவதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பிற்காலத்தில் தப்படிப்பது கலையாக எண்ணப்படவில்லை, கடமையாக்கப்பட்டது. மிராசுதாரர் வீட்டில் மரணம் நிகழ்ந்தால் கூப்பிடாமலே வந்து நிற்க வேண்டும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அடிக்க வேண்டும். ஏலம், வரி, தண்ணீர் முறை என எதுவானாலும் தெருத்தெருவாகத் தண்டோரா போட வேண்டும். கூலி என்று பேசுவதற்கு இடமில்லை. அறுவடைக் களத்தில் ஊர் கொடுக்கும் நெல்லே அதற்கும் சேர்த்துத்தான். மறுத்தவருக்கு வயலில் வேலை நின்றது, வரப்பில் நடக்கும் பாதையும் அடைபட்டது. தகப்பனுக்குப் பின் மகன் என்று இக்கடமை பிறப்போடு ஒட்டிக்கொண்டது. அடிமையின் கழுத்தில் கிடந்த வளையத்துக்கும் இந்த மர வளையத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கத் தோன்றுகிறது.

தஞ்சையின் கீழைப் பகுதியில் பண்ணையாள் முறை எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதை நம் வாசகர்களில் முதியோர் அறிவர். சவுக்கடி, சாணிப்பால் என்ற இரு சொற்கள் போதும். சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவதை ஒரு தண்டனையாகவே வைத்திருந்தார்கள். 1943-இல் கன்னடப் பகுதியிலிருந்து வந்த பி. சீனிவாசராவ், மன்னார்குடி வட்டாரத்தில் விவசாயிகள் சங்கம் கண்டார். 1944-இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஏற்பட்ட உடன்பாடுகள் அவ்விரு தண்டனைகளுக்கும் முடிவு கட்டின. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சற்றுக் கூடுதலாக நெல் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம்.

இந்தப் பின்னணியில்தான் "இனி அடிக்கமாட்டோம்" என்ற சொல்லின் எடையை அளக்க வேண்டும். தஞ்சையிலும் அண்டையிலுள்ள தென்னார்க்காட்டிலும் சேரிகள் பலவற்றில் இளைஞர்கள், சாவுக்குத் தப்படிப்பதையும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதையும் நிறுத்த முடிவு செய்தார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்து நாடாளுமன்றம் வரை சென்ற எல். இளையபெருமாள், இவ்வழக்கங்களை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர். தீண்டாமை குறித்து 1969-இல் அறிக்கை தந்த அகில இந்தியக் குழுவுக்கும் அவரே தலைவர். ஒலியால் எதிர்ப்புத் தெரிவித்தவர்களை உலக வரலாற்றில் நிறையக் காண்கிறோம். இவர்கள் மௌனத்தால் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மிராசுதாரர் வீட்டுப் பிணம் கொட்டு இல்லாமல் சுடுகாட்டுக்குப் போன அன்று, அந்த ஊரில் என்றும் கேட்டிராத ஏதோ ஒன்று கேட்டிருக்க வேண்டும்.

மறுப்பது ஒரு வெற்றி. ஆனால் மறுத்த கை மீண்டும் அதே கருவியைத் தொட்டால் அது எதைக் குறிக்கும்? இதற்கு விடை காணச் சற்றுக் கடல் கடந்து வர வேண்டும். சபுராளிகளின் நாடான நமக்கு அது சிரமமன்று.

நாம் வாணிபத்துக்காகக் கப்பல் ஏறிய அதே கரைகளிலிருந்து வேறொரு கூட்டமும் ஏறியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரியூனியன் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்கும், சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் டிரினிடாட், கயானா நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். கருப்பின அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்களில் அவர்களுடைய இடத்தை நிரப்பவே நம்மவர் கொண்டு செல்லப்பட்டனர். சாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறவெறிக்குத் தாவுகிறார்களே என்று வாசகர் நினைக்க வேண்டாம். இன ஒதுக்கலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் குழுவே, பிறப்புவழி வேற்றுமை என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002-இல் தெளிவுபடுத்திவிட்டது. இரண்டையும் அனுபவித்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிராது. ஊரில் சேரி, தோட்டத்தில் லயம்.

டிரினிடாட் தீவுக்கு 1845-இல் இந்தியக் கூலிகளை முதன்முதலாகக் கொண்டு சேர்த்த கப்பலின் பெயர் ஃபதல் ரசாக். அரபுப் பெயர்! அதிலிருந்து 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் அத்தீவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் வடநாட்டார், சென்னைக் கப்பல்களில் சென்ற நம்மவரும் உண்டு. அவர்கள் அங்கே கொண்டாடிய பெருவிழா முஹர்ரம். தாஸா என்னும் கொட்டை முழக்கி, தாஜியாக்களைத் தூக்கி, பெரிய பிறை வடிவங்களைத் தோளில் சுமந்து ஆடிக்கொண்டு கடலை நோக்கிச் செல்வார்கள். இத்தகைய கொட்டும் ஊர்வலமும் மார்க்கத்தில் கூடுமா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விஷயம். நாம் இங்கே வரலாறு பேசுகிறோம். ஊர்வலத்தில் சென்றவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதே அவ்வரலாற்றின் வியப்பு. தஞ்சைக்கு அருகே காசவளநாடு புதூரில் இந்துக்கள் தலைமுறை தலைமுறையாக முஹர்ரமைத் தம் ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடுவதை அறிந்த நமக்கு அது பெரிய வியப்பாக இராது.

1884-ஆம் ஆண்டு அத்தீவின் ஆங்கில அரசுக்குக் கொட்டுகளைக் கண்டாலே அச்சம். ஆப்பிரிக்க வழியினர் தம் விடுதலையை நினைவுகூர்ந்து தீவட்டியும் பறையுமாக இரவில் ஆடிவந்த கேன்பூலே ஊர்வலத்தை அவ்வாண்டுதான் சட்டத்தால் அடக்கியது. அதே ஆண்டில், முஹர்ரம் ஊர்வலங்கள் நகரங்களுக்குள்ளும் நெடுஞ்சாலைகளிலும் வரக்கூடாது என்றும் விதித்தது. தோட்டங்களில் கூலித் தகராறுகள் பெருகியிருந்த நேரம் அது. விதியைத் தளர்த்தும்படி வேண்டி மனுக் கொடுத்தவர்களின் முன்னணியில் நின்றவர் சுக்கு என்னும் ஓர் இந்து. மனு எடுபடவில்லை. ஹிஜ்ரி 1302, முஹர்ரம் பத்து. ஆங்கிலத் தேதி 1884 அக்டோபர் 30. சான் பெர்னாண்டோ நகரின் நுழைவாயில்களில் துப்பாக்கிகள் காத்திருந்தன. கொட்டு முழக்கிக்கொண்டு தோட்டங்களிலிருந்து வந்த கூட்டத்தின் மீது சுட்டார்கள். குறைந்தது 16 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். விசாரிக்க வந்த ஜமைக்கா ஆளுநர் நார்மன், அதிகாரிகள் செய்தது சரியே என்று எழுதிவிட்டுப் போனார்.

ஒரே ஆண்டில் கருப்பரின் பறையும் இந்தியரின் தாஸாவும் தடைக்குள்ளாயின என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இது புதிய தந்திரமுமன்று. வட அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் பறை முழக்கி எழுச்சி செய்ததும், மறு ஆண்டே அவர்கள் பறை வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. ஆள்பவர்கள் சங்கீத விமர்சகர்கள் அல்லர். ஆயினும் எந்த ஓசை ஆட்களை ஒன்றுசேர்க்கும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். டிரினிடாட் கருப்பர், பறை போனபின் மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினர். அடுத்த நூற்றாண்டில் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டித் தட்டி ஒரு புதிய வாத்தியத்தையே உருவாக்கினர். தாஸாவும் அழியவில்லை, இன்று அத்தீவின் திருமணங்களிலெல்லாம் அதுதான் முழங்குகிறது.

காரைக்கால் கப்பல்கள் சென்ற ரியூனியனுக்கு வருவோம். அங்கே அடிமை முறை 1848 டிசம்பர் 20-இல் ஒழிந்தது. தமிழகத்திலிருந்து சென்றவர்களை அங்கே மலபார்கள் என்பார்கள். நாம் மலையாளிகள் என்று மயங்க வேண்டாம், அவர்கள் தமிழ் வழியினர். மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டது. கோயில் விழாக்களில் அடிக்கும் கருவிக்கு மட்டும் இன்றும் தப்பு என்றே பெயர். அத்தீவின் கருப்பின மக்கள், மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். தோட்டங்களில் அவர்கள் வளர்த்த ஆடலிசை மலோயா. மாட்டுத்தோல் போர்த்திய பீப்பாயின் மேல் ஏறி அமர்ந்து ஒருவர் முழக்க, கரும்புப் பூந்தண்டுகளால் செய்து விதைகள் நிரப்பிய தட்டையான கிலுகிலுப்பையை ஒருவர் ஆட்ட, ஒருவர் பாட, மற்றவர்கள் எதிர்ப்பாட்டுச் சொல்லி ஆடுவார்கள். முன்னோரை நினைக்கும் சடங்கும் அதுவே. முதலாளியைப் பழிக்கும் பாட்டும் அதுவே. தமிழர் தாளமும் அதனோடு கலந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் அந்த இசைக்கு அரசாங்க வானொலியில் இடமில்லை. கருப்பர் மொழியில் கருப்பர் பாடும் ஒன்றை நாகரிகமானவர்கள் கேட்பதா என்ற எண்ணம். 1959-இல் தோன்றிய அத்தீவின் பொதுவுடைமைக் கட்சி தன் கூட்டங்களில் மலோயாவை ஏற்றியது. அதனால் அரசின் சந்தேகம் இன்னும் கூடியது. 1976-இல் அக்கட்சியின் மாநாட்டையொட்டியே மலோயா இசைத்தட்டில் ஏறியது. பாரிசில் ஆட்சி மாறிய 1981-க்குப் பிறகுதான் நெருக்கடி தளர்ந்தது. அடிமை ஒழிப்பு நாளான டிசம்பர் 20, 1983-இல் தீவின் பொது விடுமுறையாயிற்று. 2009-இல் யுனெஸ்கோ மலோயாவை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இலங்கை மலையகத்துக்குச் சென்ற தப்பின் கதை வேறு. அங்கே விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு வரிசையில் நிறுத்தியது தப்பொலிதான். அதே தப்பு மாலையில் காமன் கூத்துக்கும் ஒலித்தது. காலையில் துரையின் குரல், இரவில் தொழிலாளியின் குரல். 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் பிள்ளைகள், தங்கள் அடையாளம் என்று மேடையில் நிறுத்தும் கருவிகளில் முதலாவது இன்று தப்புதான்.

இப்போது தஞ்சைக்குத் திரும்பலாம். 1986-இல் தஞ்சையில் தென்னகப் பண்பாட்டு மையம் தொடங்கப்பட்டபின், நகரை ஒட்டிய ரெட்டிப்பாளையம் முதலிய ஊர்களின் தப்பாட்டக் குழுக்கள் வடநாட்டு மேடைகளையும் கண்டன. 1990-களில் தலித் கலை விழாக்களில் பறை எதிர்ப்பின் கருவியாகவே முழங்கியது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் ஏற்றினர். ஆண்களும் அடிக்க வெட்கப்பட்ட கருவியைப் பெண்கள் ஏந்தியது சிறு செய்தியன்று. 2018-இல் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் மேல்நாட்டு இசையையும் இணைத்துச் சாதியைச் சாடியது. 2022-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். 2025-இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இதில் எல்லோரும் ஒருமனப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. "எங்கள் தகப்பன்மார் அடிபட்டு விட்டொழித்ததை நீங்கள் ஏன் மீண்டும் தோளில் மாட்டுகிறீர்கள்?" என்று அச்சமூகத்தின் மூத்தவர்கள் கேட்கிறார்கள். "எங்களை இழிவுபடுத்திய பெயரையே கொடியாக்குவோம்" என்று இளையவர்கள் பதில் சொல்கிறார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டதும் இந்த மனத்தோடுதான். இரு தரப்பாரும் ஒரே போராட்டத்தின் இரு கட்டங்களில் நிற்கிறார்கள் என்பது நமது கருத்து. மறுக்கும் உரிமை கிடைக்காமல் போயிருந்தால், இன்று மேடையில் முழங்குவதும் பழைய ஊழியமாகவே இருந்திருக்கும். முன்னவர்களின் மௌனத்தின் மீதுதான் பின்னவர்களின் ஓசை நிற்கிறது. மூத்தவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளும் இளைஞர்கள் இதை நினைக்க வேண்டும்.

நம் பங்குக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை மூடி மறைப்பது நேர்மையாகாது. பெருநாள் ஒன்றில் மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு களித்ததோடு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் காணத் துணை நின்றார்கள். தடுக்க முனைந்த உமர் (ரலி) அவர்களையும் விலக்கினார்கள். கருப்பின மக்களின் ஆட்டத்துக்கு அல்லாஹ்வின் பள்ளியிலேயே இடம் இருந்தது என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் நம் இளமைக் காலத்தில், வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளைத் தண்டோராப் போட்டு அறிவிக்க வந்த முதியவர், நம் தெருவின் கோடியில்தான் நின்றார். நம் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள், மறுத்ததில்லை. கொடுத்தது கொட்டாங்கச்சியில். கொல்லைப்புற வேலியில் செருகி வைத்திருந்த அந்தக் கொட்டாங்கச்சியை அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே திரும்பச் செருகிவிட்டுப் போவார். மார்க்கம் சொல்லாத இந்த வழக்கம் எங்கிருந்து வந்து நம் வேலியில் செருகியது என்று அப்போது எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு தஞ்சைப் புறநகரில் ஒரு நிகாஹுக்குப் போயிருந்தோம். பக்கத்து மண்டபத்திலும் ஒரு திருமணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தப்பாட்டக் குழுவை ஏற்பாடு செய்திருந்தார்கள். எட்டுப் பேர், ஒரே நிறச் சட்டை, காலில் சலங்கை. மண்டபத்தின் பக்கவாட்டுச் சந்தில் வைக்கோலைக் கொளுத்தித் தப்புகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தலைவர்போல் இருந்த இளைஞர், பெண் வீட்டாரின் மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேசிய தொகையில் மீதி வந்து சேர்ந்தால்தான் குழு வாசலுக்கு வரும் என்பது பேச்சின் சாரம். மேலாளர் உள்ளே போய்ப் பணத்தோடு திரும்பினார். இளைஞர் எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தார். மண்டபத்துப் பணியாளர் ஒரு தட்டில் எட்டுக் கண்ணாடிக் குவளைகளில் தேநீர் கொண்டுவந்தார். அதை நிதானமாகக் குடித்து முடித்த பிறகே அவர்கள் குச்சிகளைக் கையில் எடுத்தார்கள்.